எதிராளி ஒழிந்தால்தான் கட்டுப்படியாகும் விலை

தூத்துக்குடியில் சிறு வணிகர்களுக்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கொள்முதல் பில்லையும் விற்பனை பில்லையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிற வேலை இது என்பதால், ஒரு கடை எந்த விலைக்கு வாங்கி எந்த விலைக்கு விற்கிறது என்பதை அந்தக் கடைக்காரரின் வீட்டாருக்கும் முன்பாகவே நான் தெரிந்துகொள்ள நேர்கிறது. வாங்கிய விலைக்கும் கீழாகத் தொடர்ந்து விற்கும் ஒருவரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வியாபாரம் என்று வந்துவிட்டால் போட்டி இருக்கத்தான் செய்யும்." போட்டி இருக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த ஒரே வாக்கியம் இருவேறு செயல்களுக்கு ஒரே போர்வையைப் போர்த்திவிடுகிறது என்று பல காலமாக எனக்குத் தோன்றிவருகிறது. ஒன்று, வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுப்பதற்காகச் செய்வது. மற்றொன்று, எதிராளி நிற்பதற்கு இடமே இல்லாமல் ஆக்குவதற்காகச் செய்வது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்கையில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எங்கள் ஊரின் வரலாற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் கப்பல் கம்பெனியை நாம் விடுதலைப் போராட்டத்தின் ஓர் அத்தியாயமாகவே படித்து வளர்ந்திருக்கிறோம், அப்படிப் படிப்பது சரியும்கூட. ஆனால் கணக்குப் புத்தகத்தோடு பழகியவன் என்ற முறையில், அதை ஒரு வணிக வழக்காகவும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பெரிய நிறுவனம் ஒரு சிறிய நிறுவனத்தை என்னென்ன வழிகளில் சாய்க்க முடியுமோ, அந்த வழிகள் எல்லாமே நான்கைந்து ஆண்டுகளுக்குள் இந்தத் துறைமுகத்தில் கையாளப்பட்டன.

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவுசெய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும் வ.உ.சி. உதவிச் செயலாளராகவும் இருந்தார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவர் மட்டுமே 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய அந்தக் கம்பெனி, அரசின் தபால் ஒப்பந்தங்களைத் துணையாகக்கொண்டு, வங்காள விரிகுடாவிலிருந்து பாரசீக வளைகுடா வரை தன் வழித்தடங்களை விரித்திருந்தது. அதற்குத் தூத்துக்குடியில் முகவராக இருந்தவர்கள், கோரல் மில் என்ற பஞ்சாலையை நடத்திய ஹார்வி நிறுவனத்தார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே படகுப் போக்குவரத்து 1914-இல்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய காலத்தில் தென் தமிழகத்திலிருந்து இலங்கைக்குச் செல்வோருக்குத் தூத்துக்குடி–கொழும்பு வழியே முதன்மையான வழி. வணிகர்கள், தோட்டத் தொழிலாளர்கள், சரக்கு மூட்டைகள் எல்லாம் இந்த ஒரே கடல்வழியில் ஒரே கம்பெனியின் கப்பலில் போய்க்கொண்டிருந்த நிலையில்தான் சுதேசிக் கம்பெனி உள்ளே நுழைந்தது.

நுழைந்த பிறகு நடந்ததைப் பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பி.ஐ. கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதை எட்டணாவாக, அதாவது அரை ரூபாயாக ஆக்கியது. அதன் பிறகு பி.ஐ. கம்பெனி காசே வாங்காமல் ஏற்றிச்செல்லவும், ஏறுகிறவர்களுக்குக் குடை ஒன்றை இனாமாகக் கொடுக்கவும் முன்வந்தது. இந்தக் குடைக் கதையை நம் ஊரில் பெருமிதத்தோடு சொல்வார்கள், ஏனென்றால் அதையும் மீறி மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். எனக்கு அந்தக் குடை வேறொன்றைச் சொல்கிறது. கட்டணம் இல்லாத பயணத்தில் கம்பெனிக்கு வரவு என்று எதுவும் இல்லை, நிலக்கரிக்கும் மாலுமிகளுக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் செலவு மட்டுமே உண்டு. அதற்குமேல் குடையின் விலையையும் சேர்த்துக்கொண்டால், ஒவ்வொரு பயணி ஏறும்போதும் கம்பெனியின் நட்டம் கூடுகிறது. அதிகப் பேர் வந்தால் அதிக நட்டம் என்ற நிலையில் ஒருவர் ஆள் பிடிக்கிறார் என்றால், அவருடைய கண் வருகிற ஆளின்மேல் இல்லை, அடுத்த கப்பலில் ஆள் ஏறாமல் போவதன்மேல்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் எழுப்பப்படும் மறுப்பை நான் எளிதாக ஒதுக்கிவிட விரும்பவில்லை. கொழும்புக்குப் போன ஏழைத் தொழிலாளிக்கு அந்த நாட்களில் கட்டணம் மிச்சம் ஆனது உண்மைதானே, நட்டம் கம்பெனியுடையதுதானே, தன் காசைத் தானே இழக்க ஒருவருக்கு உரிமை இல்லையா என்று கேட்பார்கள். இலவசக் கப்பலில் ஏறிய தொழிலாளியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வயிற்றைக் கட்டிச் சேர்த்த கூலியில் ஒரு ரூபாய் மிஞ்சுவது அவருக்குப் பெரிய காரியம், அதை விட்டுக்கொடுக்கும்படி அவரிடம் கேட்பதற்கு வசதியாக இருக்கிறவர்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் கம்பெனி இழந்தது உண்மையில் தன் காசையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஏற்பட்ட நட்டத்தை, போட்டியே இல்லாத பிற வழித்தடங்களில் முழுக் கட்டணம் கொடுத்த பயணிகளும் சரக்கு அனுப்பியவர்களும், தபால் ஒப்பந்தத்தின் வழியாக வரி கொடுத்தவர்களும் சேர்ந்து ஈடுசெய்தார்கள். போட்டி ஒழிந்த பிறகு மீண்டும் ஏறும் கட்டணத்தைக் கொடுக்கப்போகிறவரோ, இன்று இலவசமாகப் போன அதே தொழிலாளியும் அவருடைய மகனும்தான். அவருக்குக் கொடுக்கப்பட்டது தள்ளுபடி அன்று, பின்னால் வசூலிக்கப்பட இருந்த கடன்.

ஆகவே, விலை குறைவாக இருப்பது அநியாயம் அன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல இயந்திரம் போட்டவர், வீண்செலவைக் குறைத்தவர், இடைத்தரகர் இல்லாமல் நேராகக் கொள்முதல் செய்தவர் குறைந்த விலைக்கு விற்றால், பக்கத்துக் கடைக்காரர் வருந்தலாம், ஆனால் அவருக்கு அநீதி இழைக்கப்படவில்லை. தொடக்க நாட்களில் அறிமுக விலை வைப்பதும், தேங்கிய சரக்கைக் கழிவில் தள்ளுவதும், பண்டிகைக்குத் தள்ளுபடி கொடுப்பதும் அப்படியே. நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. எதிராளி நாளையும் கடை திறந்திருப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால், இந்த விலையை இவர் வைப்பாரா? வைப்பார் என்றால் அது போட்டி. எதிராளி ஒழிந்தால்தான் இந்த விலை கட்டுப்படியாகும் என்றால், அதற்குப் பெயர் வேறு.

இப்படி ஒரு கோட்டைக் கிழிக்கவே முடியாது என்று சொன்ன பெரிய நீதிபதிகள் உண்டு. சுதேசிக் கம்பெனி தொடங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, லண்டனில் இதே போன்ற ஒரு கப்பல் வழக்கு முடிவுக்கு வந்திருந்தது. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தேயிலை ஏற்றிவந்த கப்பல் கம்பெனிகள் சில கூட்டு சேர்ந்துகொண்டு, வெளியாள் எவரும் உள்ளே வராதபடி பார்த்துக்கொண்டன. மொகுல் ஸ்டீம்ஷிப் கம்பெனி 1885-ஆம் ஆண்டின் தேயிலைப் பருவத்தில் சீனாவின் ஹான்கௌ துறைமுகத்துக்குத் தன் கப்பல்களை அனுப்பியது. கூட்டமைப்பினர் உடனே தங்கள் கப்பல்களை அங்கே கூடுதலாக அனுப்பி, யாருக்குமே கட்டுப்படியாகாத அளவுக்குச் சரக்குக் கட்டணத்தை இறக்கினார்கள். தங்களிடம் மட்டுமே சரக்கு அனுப்புகிறவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து கழிவு, மொகுல் கப்பலில் ஒருமுறை ஏற்றினாலும் அந்தக் கழிவு இல்லை என்றார்கள். மொகுல் கம்பெனி வழக்குத் தொடுத்தது, 1889-இல் மேல்முறையீட்டு மன்றத்திலும், 1891 டிசம்பரில் அன்றைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபையிலும் தோற்றது. மோசடியோ மிரட்டலோ வன்முறையோ இல்லாதவரை, தன் வணிகத்தைப் பெருக்கிக்கொள்ளும் நோக்கில் கட்டணத்தைக் குறைப்பது சட்டத்துக்கு உட்பட்டதே என்பது தீர்ப்பின் சாரம். நியாயமான போட்டிக்கும் நியாயமற்ற போட்டிக்கும் இடையே கோடு போடுவது நீதிமன்றங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்று நீதிபதி ஃப்ரை எழுதினார்.

இந்தத் தீர்ப்பை நான் வெறுப்போடு படிக்கவில்லை. எந்த விலை நியாயமான விலை என்று நீதிபதிகள் நிர்ணயிக்கத் தொடங்கினால், திறமையில்லாத வணிகர்கள் எல்லோரும் நீதிமன்ற வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்ற அவர்களுடைய அச்சத்துக்குப் பொருள் உண்டு. ஆனால் சட்டத்தால் கோடு போட முடியவில்லை என்பதிலிருந்து, கோடே இல்லை என்ற முடிவுக்கு வணிகர்கள் தாவிவிடுகிறார்கள். அது தவறு. நீதிபதிக்குத் தெரியாதது, அந்த விலையை வைத்தவருக்குத் தெரியும். கட்டணத்தை இறக்குவது என்று முடிவெடுத்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, எத்தனை மாதம் தாங்கலாம், எதிராளி எத்தனை மாதம் தாங்குவான், அவன் போன பிறகு எவ்வளவு ஏற்றலாம் என்ற கணக்கு கையில் இருந்திருக்கும். வெளியிலிருந்து நிரூபிக்க முடியாத நோக்கம் என்பதால், அறம் பார்க்க வேண்டிய கடமை உள்ளே இருப்பவரின்மேல் இன்னும் கனமாக விழுகிறது என்றே நான் கருதுகிறேன்.

விலையைவிட மோசமானது என்று நான் நினைப்பது, எதிராளியின் கைக்கருவியைப் பறிப்பது. சுதேசிக் கம்பெனி முதலில் சொந்தக் கப்பல் இல்லாமல், பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் கம்பெனியின் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டியது. பி.ஐ. கம்பெனி தூத்துக்குடிப் பயணிகளிடம் போகாமல் ஷா லைனிடம் போனது. அழுத்தம் தாங்காமல் ஷா லைன் குத்தகையை முறித்துக்கொண்டு கப்பல்களைத் திரும்பப் பெற்றது. பங்குப் பணம் வசூலாகி, ஆட்கள் அமர்த்தப்பட்டு, வாடிக்கையாளர்களும் சேர்ந்த நேரத்தில், கம்பெனியிடம் கப்பல் மட்டும் இல்லை. கொழும்பிலிருந்து அவசரமாக ஒரு கப்பலைக் குத்தகைக்குப் பிடித்துச் சமாளித்த பிறகுதான், வ.உ.சி. சொந்தக் கப்பல் வாங்கும் முடிவோடு பம்பாய்க்குப் புறப்பட்டார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. அவை வந்த நாளை ஊரே கொண்டாடியது என்பதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவற்றை வாங்க நேர்ந்த நெருக்கடியைத்தான் மறந்துவிட்டோம். பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் தொடங்கிய ஒரு கம்பெனி நிதானமாக வளர்ந்து வாங்கியிருக்க வேண்டிய சொத்தை, கழுத்தை நெரித்ததால் முன்கூட்டியே வாங்க வேண்டியதாயிற்று.

விலைக் குறைப்பிலாவது, வாடிக்கையாளர் கையில் கொஞ்ச காலத்துக்கு ஏதோ ஒரு நன்மை விழுகிறது. ஷா லைனை மிரட்டியதால் எந்தப் பயணிக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. ஓடும் கப்பல்கள் குறைந்தன, அவ்வளவுதான். சரக்குக் கழிவை முன்கூட்டியே கொடுக்காமல் நிறுத்திவைத்து, 'ஆறு மாதம் எங்களிடம் மட்டுமே ஏற்றினால், அடுத்த ஆறு மாதமும் விசுவாசமாக இருந்த பிறகு தருவோம்' என்று சொல்லும் முறையும் இந்த வகைதான். 1870-களிலேயே கல்கத்தா சரக்குப் போக்குவரத்தில் புகுந்த இந்த முறை, வணிகரின் சொந்தப் பணத்தையே பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்போடுகிறது. நல்ல சேவைக்காக அவர் அந்தக் கம்பெனியிடம் தங்கவில்லை, தன் பணம் போய்விடுமே என்ற பயத்தில் தங்குகிறார்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. அரசு அதிகாரிகள் ஒரு கம்பெனியின் பக்கம் சாய்ந்தார்கள். சுங்கச் சோதனை, மருத்துவச் சோதனை என்ற பெயரில் சுதேசிக் கப்பல்கள் தாமதப்படுத்தப்பட்டன என்று புகார்கள் எழுந்தன. சப்-கலெக்டர் ஆஷ் பி.ஐ. கம்பெனிக்குச் சாதகமாக நடந்துகொண்டதாகக் குற்றம்சாட்டப்பட்டார். கோரல் மில் வேலைநிறுத்தம் தொழிலாளர்களின் வெற்றியோடு முடிந்த சில நாட்களில், 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது. காலியா கப்பல் பி.ஐ. கம்பெனியிடமே விற்கப்பட்டது.

இந்த வழக்கை ஒருதலையாக எழுதிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக அன்று, நேர்மை கருதியே மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சுதேசிக் கம்பெனியும் கட்டணத்தைக் குறைத்தது. அந்நியக் கப்பலில் ஏறாதீர்கள் என்று மேடைதோறும் பேசியது. தன் பங்குகளை இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசியர்களுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. இவை நியாயமான போட்டியா? கட்டணக் குறைப்பை நான் தற்காப்பு என்றே கொள்கிறேன், பி.ஐ. கம்பெனி ஒரு ரூபாய்க்கு ஏற்றும்போது இவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? சொந்த நாட்டுக் கப்பலில் ஏறுங்கள் என்று கேட்பது, வாங்குகிறவரின் மனச்சாட்சியோடு வெளிப்படையாகப் பேசுவது. ஏறுவதும் ஏறாததும் அவர் விருப்பம். ஆனால் அந்த நாட்களில் சுதேசி இயக்கத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வழக்கறிஞருக்கு நாவிதர் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்று நாம் மகிழ்ச்சியோடு சொல்லும் நிகழ்ச்சி எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. நாவிதரின் துணிவை நான் மதிக்கிறேன், அது அவருடைய உழைப்பு, அதை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அதே முறை ஊர்க் கட்டுப்பாடாக மாறி, இன்னாரிடம் வாங்கினால் உனக்குத் தண்ணீர் இல்லை, வண்ணார் இல்லை என்ற நிலைக்குப் போனால், கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வாங்குகிறவரின் விருப்பம் அங்கே பறிபோகிறது. அடிமைப்பட்ட மக்களின் எதிர்ப்பையும் அரசின் ஆதரவு பெற்ற கம்பெனியின் அடக்குமுறையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. எந்தக் கேள்வியை எதிரியிடம் கேட்கிறோமோ, அதை நம்மவரிடமும் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

இன்றைய இந்தியச் சட்டம் அந்தப் பழைய லண்டன் தீர்ப்பைவிட நெடுந்தொலைவு வந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், போட்டியைக் குறைக்கும் அல்லது போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் அடக்கவிலைக்கும் கீழாக விற்பதைத் தடைசெய்கிறது. நோக்கம் என்ற சொல் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்பதை நான் பெரிய முன்னேற்றமாகப் பார்க்கிறேன். 2011-இல் தேசியப் பங்குச் சந்தைக்கு இந்தியப் போட்டி ஆணையம் 55.5 கோடி ரூபாய் அபராதம் விதித்த வழக்கு இதற்கு நல்ல சான்று. நாணய வர்த்தகப் பிரிவில் எம்.சி.எக்ஸ். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற புதிய சந்தை நுழைந்தபோது, தேசியப் பங்குச் சந்தை அந்தப் பிரிவில் கட்டணமே வாங்கவில்லை. அதற்குப் பங்கு வர்த்தகம் போன்ற பிற பிரிவுகளிலிருந்து வருமானம் கொட்டிக்கொண்டிருந்தது. புதியவருக்கு அந்த ஒரே பிரிவுதான் வாழ்வு. நூறாண்டு இடைவெளியில் கொழும்புக் கப்பலின் கணக்கும் கணினித் திரையின் கணக்கும் ஒரே முறையில் எழுதப்பட்டிருப்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 2014-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் ஆணையத்தின் முடிவை உறுதிசெய்தது.

ஆனால் சட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அடக்கவிலைக்குக் கீழே விற்பவர் அந்தச் சந்தையில் ஏற்கெனவே ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து பெரும் முதலீட்டைக் கொண்டுவந்து, ஆதிக்கத்தைப் பிடிப்பதற்காகவே நட்டத்தில் விற்பவரை இந்தச் சட்டம் எளிதில் தொடுவதில்லை. ஊபர் நிறுவனத்தின்மீது மேரு டாக்சி நிறுவனத்தார் தொடுத்த வழக்கில், ஒரு பயணத்துக்கு 204 ரூபாய் நட்டம் என்ற குற்றச்சாட்டைக் குறிப்பிட்டு, போட்டியை ஒழிக்கும் நோக்கத்தைத் தவிர இதற்கு வேறு பொருளாதாரக் காரணம் தெரியவில்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறி, விசாரணைக்கு அனுமதித்தது. விசாரணையின் முடிவில், அந்த நிறுவனம் ஆதிக்க நிலையில் இல்லை என்று சொல்லி ஆணையம் வழக்கை முடித்துக்கொண்டது. சட்டத்தின் நோக்கில் அது சரியாகவே இருக்கலாம். இரண்டு பெரிய நிறுவனங்கள் எதிரெதிரே நட்டத்தில் ஓட்டும்போது இரண்டுமே ஆதிக்க நிலையில் இல்லை என்று ஆகிவிடுகிறது, இரண்டுக்கும் நடுவே தன் சொந்தக் காரை வைத்து ஓட்டியவர் நசுங்குகிறார்.

சட்டம் எட்டிப் பார்க்காத அளவுக்குச் சிறிய சந்தைகளில் நடப்பதைத்தான் நான் அன்றாடம் பார்க்கிறேன். இருபது லிட்டர் தண்ணீர் கேன் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கணக்கு எழுதும் ஒருவர், தண்ணீரைச் சுத்திகரிக்கும் சிறிய ஆர்.ஓ. பிளாண்ட் ஒன்றும் ஒரு லோடு ஆட்டோவும் வைத்து, சில தெருக்களுக்குக் கேன் போட்டுவந்தார். வாசலில் கொண்டுவந்து வைத்தால் 35 ரூபாய், மாடி ஏறினால் ஐந்து ரூபாய் கூட. அந்த லைனில் ஒரு பெரிய பிளாண்ட் காலடி வைத்து 20 ரூபாய்க்குப் போட்டது. மின்சாரம், மூடி, லேபிள், டீசல், ஆள் கூலி எல்லாம் கூட்டினால் கேனுக்கு 24 ரூபாய் ஆகிறது என்று நாங்கள் இருவரும் பலமுறை கூட்டிப் பார்த்தோம். பெரிய பிளாண்டுக்கு ஓரிரு ரூபாய் குறையலாம், டீசலும் கூலியும் அவர்களுக்கும் அதே விலைதான். இருந்தும் என் வாடிக்கையாளர் அதைத் தாங்கினார், ஏனென்றால் பல வீடுகளில் அவருடைய தண்ணீரின் ருசி பழகியிருந்தது, அவர் சொன்ன நேரத்துக்கு வருகிறவர்.

அவரைச் சாய்த்தது விலை அன்று, காலி கேன். இந்தத் தொழிலில் தண்ணீர் மலிவு, கேன்தான் முதல். ஒரு வீட்டுக்கு நிறைந்த கேனை வைத்துவிட்டு முந்தைய காலி கேனை எடுத்துவந்தால்தான் அடுத்த நாள் ஓடும். பெரிய பிளாண்டின் ஆட்கள், புதிய வாடிக்கையாளர் வீட்டில் தங்கள் கேனை வைக்கும்போது, இவருடைய காலி கேனை "நாங்களே கொடுத்துவிடுகிறோம், அக்கா" என்று சொல்லி எடுத்துப்போனார்கள். அவை திரும்பி வரவில்லை. கேட்கப்போனபோது, எங்கள் குடோனில் எல்லாம் கலந்து கிடக்கிறது, பிறகு வாருங்கள் என்றார்கள். சில கேன்கள் இவருடைய பெயர் சுரண்டப்பட்டு வேறொரு தெருவில் கிடைத்தன. புதிய கேன் வாங்கிவிடும் செலவு, அந்த மாதங்களில் அவருடைய மொத்த லாபத்தையும் தாண்டியதை நான்தான் பதிவுசெய்தேன். அவரும், அதே பகுதியில் இருந்த இன்னொருவரும் நிறுத்திக்கொண்ட பிறகு, அந்தத் தெருக்களில் கேன் 40 ரூபாய் ஆனது. ஷா லைன் கப்பல்களைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு அந்தக் கேன்கள் நினைவுக்கு வருவது இதனால்தான். தண்ணீரைக் கொஞ்சம்கூட நன்றாக்காமல், வேகமாகக் கொண்டுவராமல், ஒரு காசும் வாடிக்கையாளருக்கு மிச்சப்படுத்தாமல் செய்யப்பட்ட காரியம் அது.

பக்கத்துப் பகுதிகளில் கேன் போடும் சிறியவர்கள் இதைக் கண்டு பயந்து ஒரு சங்கம் அமைக்கக் கூடினார்கள். கணக்கு பார்ப்பவன் என்பதால் என்னையும் அழைத்தார்கள். முதலில் பேசப்பட்டது, எல்லோரும் 40 ரூபாய்க்குக் குறையாமல் விற்பது என்ற தீர்மானம். அவர்களுடைய பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அதற்கு நான் ஒப்பவில்லை. விற்பவர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பது அதே போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னேன். சட்டம் இல்லாவிட்டாலும் அது சரியில்லை என்றும் சொன்னேன். பெரியவரால் நாம் பட்ட அடிக்கு, மாடியில் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டுக்காரரிடம் ஈடு வாங்குவது எந்த வகையில் நியாயம்? ஒருவர், "அப்படியானால் எங்களைச் சாகச் சொல்கிறீர்களா, சார்?" என்று கோபமாகவே கேட்டார். அந்தக் கோபத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பெரிய பிளாண்ட் இன்னும் ஆறு மாதம் நட்டத்தில் விற்றால், அவர்களில் சிலர் கடையை மூடத்தான் வேண்டியிருக்கும், அதைத் தடுக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு விலையைத் தொடாமல் கேனைப் பற்றி மட்டும் உடன்பாடு எட்டப்பட்டது. ஒவ்வொருவரும் தங்கள் கேனின் அடியில் பெயரைச் சூடுபோட்டுப் பதிப்பது, யாருடைய காலி கேன் யார் வண்டியில் வந்தாலும் வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் இறக்கி மாற்றிக்கொள்வது, வாடிக்கையாளரிடம் டெபாசிட் ரசீது கொடுத்து, கேனை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது. விலையை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள், ஒரு தெருவில் 30, அடுத்த தெருவில் 35 என்று இப்போதும் அவர்களுக்குள் போட்டி நடக்கிறது. பெரிய பிளாண்டின் கேன்களும் அவர்கள் வண்டிகளில் வரத்தான் செய்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று கேட்டபோது, மற்றவற்றைப் போலவே துடைத்து, எண்ணி, அவர்கள் குடோனில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவாருங்கள் என்று சொன்னேன். இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் கொடுத்துவருகிறார்கள்.